மாரியில் பூஞ்சணம் பிடிக்கும் அறைக்கு எந்த மெசின் வாங்குவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அம்மா தனியே இருக்கும் பழைய வீடு. ஐப்பசி மழை தொடங்கியதும் வடக்குப் பக்கத்து அறையில் பூஞ்சண மணம் ஏறுகிறது. அலுமாரிக்குள் இருந்த கூறைச்சேலையில் புள்ளி விழுந்துவிட்டது, அப்பப்பாவின் புத்தகங்களும் ஒரு கட்டு ஏடும் அதே அறையில்தான். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா தன் வீட்டு நிலக்கீழ் அறையில் ஓடும் டீஹியூமிடிபையரை, அதாவது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மெசினை, பெட்டியில் போட்டு அனுப்பவா என்கிறார். அதை எடுக்கலாமா, இல்லாவிட்டால் இங்கே நாளுக்கு எத்தனை லீற்றர் இழுக்கும் மெசின் வாங்குவது, கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று கேட்டிருக்கிறீர்கள். மெசினைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்களுக்கு வேண்டியது அந்தச் சேலையும் ஏடும் புத்தகமும் தப்புவதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படிப் பார்த்தால் மெசின் பாதி வேலைதான்.

நான் குளிர்சாதனப் பெட்டி, ஏசி திருத்துகிறவன். 2002 இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மறுபடி திறந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஈரம் இழுக்கும் மெசினும் குளிர்சாதனப் பெட்டியும் ஒரே தத்துவம் என்பதால் அதைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். உங்கள் சுவரை நான் பார்க்கவில்லை. அதனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதில் என்னால் தரக்கூடியது ஊகமும் அதைச் சோதிக்கும் வழியும் மட்டுந்தான்.

முதலில் அந்தச் சோதனை. ஒன்றரை அடிச் சதுரமாகத் தடித்த பொலித்தீன் ஒன்றை வெட்டி, அலுமாரியை நகர்த்திவிட்டு, அதன் பின்னால் இருந்த சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப்பால் ஒட்டுங்கள். இன்னொன்றைத் தரையில் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. சுவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் எந்த மெசினும் கிணற்றை இறைப்பது போல இறைத்துக்கொண்டே இருக்கும், முடியாது.

யாழ்ப்பாணத்தில் சுவர் குடிப்பது அதிகம். நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழை பெய்ததும் அது தண்ணீரை உள்வாங்கி, கார்த்திகை மார்கழியில் கிணறுகள் கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறிவிடும். பழைய வீடுகளின் அத்திவாரமும் சுவரும் அதே சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். நிலத்தின் ஈரத்தை விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல மேலே இழுக்கும். முந்திய காலத்தில் அதன் மேல் சுண்ணாம்பு பூசி வெள்ளையடித்தார்கள். அதனூடாக ஈரம் வெளியேறி ஆறிவிடும். இப்போது சீமெந்து பூசி, அதன் மேல் பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்துவிடுகிறோம். உள்ளே வந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை பெயின்ற் கொப்பளித்து, உதிரும் இடத்தில் வெள்ளை உப்புத் தூள் பூத்திருந்தால் அது நிலத்து ஈரம்தான். சீலிங் ஓரத்தில் கறை இருந்தால் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியையும் கூரை ஓடுகளையும் பாருங்கள். மாரி மழை வாடைக்காற்றோடு வருவதால் வடக்குக் கிழக்குச் சுவர்களில்தான் அடிக்கும். உங்கள் அறை வடக்கில் இருப்பதால் என் முதல் ஊகம் சுவரில் அடிக்கும் அந்த மழைதான். பீலி திருத்துவதும், சுவரோரத்து மண்ணை வெட்டி வீட்டுத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்குவதும், வெளிச்சுவர் வெடிப்பை அடைப்பதும் ஒரு மெசினின் விலைக்கு வராத வேலைகள். மெசின் வாங்குவதாக இருந்தாலும் இவை முதலில் நடக்கட்டும்.

அடுத்தது, எல்லோரும் சொல்லும் “யன்னலைத் திறந்து விடுங்கள்” என்ற ஆலோசனை. இது குளிர்நாட்டில் எழுதப்பட்டது. அங்கே மாரிக் காலத்தில் வெளியே 5 பாகைக் குளிரில் ஒரு கனமீற்றர் காற்றில் ஏறக்குறைய 6 கிராம் நீராவிதான் இருக்கும். அதை உள்ளே எடுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் காய்ந்த காற்று ஆகிவிடும், யன்னல் திறந்தால் வீடு உலரும். இங்கே மார்கழி இரவில் வெளியே 24 பாகை, ஈரப்பதன் 95 வீதம் என்று வைத்தால் ஒரு கனமீற்றரில் 20 கிராமுக்கு மேல் நீராவி. நண்பகலில் 29 பாகை, 72 வீதம் என்றாலும் கணக்குப் பார்த்தால் அதே 20 கிராம் சொச்சம்தான். வீதம் இறங்குவது வெப்பம் ஏறுவதால் மட்டுமே. தண்ணீர் எங்கும் போகவில்லை. அந்தக் காற்று அலுமாரிக்குப் பின்னால் உள்ள 24 பாகைச் சுவரைத் தொட்டதும் மறுபடி 90 வீதத்தைத் தாண்டுகிறது. பூஞ்சணத்துக்கு நீர் சொட்டவேண்டியதில்லை. பொருளின் மேற்பரப்பை ஒட்டிய காற்று நாட்கணக்கில் 75, 80 வீதத்தில் நின்றாலே போதும், முளைத்துவிடும்.

அளக்காமல் இறங்காதீர்கள். சிறிய டிஜிற்றல் ஈரப்பதன்மானி இரண்டு வாங்கி, ஒன்றை அறை நடுவிலும் மற்றதை அலுமாரிக்குப் பின்னாலும் வையுங்கள். மலிவானவை சில வீதம் பிழை காட்டும், அதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. போத்தல் மூடி ஒன்றில் மேசை உப்பைப் போட்டு, சேறு போல வரும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பையில் ஒருநாள் வைத்தால், உள்ளே 75 வீதம் நிற்கும். மானி 80 என்று காட்டினால் 5 கழித்துப் படியுங்கள். ஆனையிறவுக் கல்லுப்பை இதற்குப் பாவிக்கவேண்டாம். அதில் மக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அளவு மாறிவிடும். அம்மாவின் குசினியில் உப்புச் சாடி மாரியில் கசிவதும் இதே காரணத்தால்தான்: தூய உப்பு 75 வீதத்துக்கு மேல் போனால் கரையத் தொடங்கும், கல்லுப்பு அதற்கு முதலே கசியும். எந்த மாதம் சாடி கசிகிறது என்று அம்மாவைக் கேட்டால் உங்கள் வீட்டு மாரிக் கணக்கு ஓரளவுக்குக் கிடைத்துவிடும்.

இப்போது மெசின். உள்ளே நடப்பது எளிது. விசிறி அறைக் காற்றை இழுத்துக் குளிர்ந்த சுருளின் மேல் விடும், நீராவி துளியாகி வாளியில் விழும், காய்ந்த காற்று பிறகு சூடான சுருளைத் தாண்டி வெளியே வரும். ஏசி அந்தச் சூட்டை வெளியே தள்ளுகிறது. இது அறைக்குள்ளேயே விடுகிறது. இதை மறந்தால் பிறகு எல்லாமே பிழைக்கும்.

எத்தனை லீற்றர் என்பதற்கு முன் ஒரு கணக்குப் பாருங்கள். 12 அடிக்கு 12 அடி, 10 அடி உயர அறையில் ஏறக்குறைய 41 கனமீற்றர் காற்று இருக்கிறது. 28 பாகையில் 85 வீதத்திலிருந்து 55 வீதத்துக்கு அந்தக் காற்றை இறக்க எடுக்கவேண்டிய தண்ணீர் வெறும் 330 மில்லிலீற்றர். ஒரு தேத்தண்ணிக் கோப்பை ஒன்றரை. அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்தில் முடியவேண்டிய வேலை, ஏன் நாட்கணக்கில் வாளி நிரம்புகிறது? முதல் காரணம் மெத்தை, புத்தகம், உடுப்பு, சுவர் எல்லாம் குடித்து வைத்திருப்பதைத் திருப்பிக் கக்குகின்றன. அது ஒரு வாரம், பத்து நாளில் குறையும். இரண்டாவது காரணம் கசிவு. அறைக் காற்று மணிக்கு ஒரு தடவை மாறினால் மணிக்கு அதே 330 மில்லி புதிதாக உள்ளே வருகிறது, நாளொன்றுக்கு 8 லீற்றர். யன்னலையும் கதவுக் கீழ் இடைவெளியையும் யன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்களையும் அடைத்து அதை மூன்றிலொன்றாக்கினால் மூன்று லீற்றருக்கும் குறைவு. ஒரு சுருள் ரேப்பும் கதவடி ரப்பரும் பெரிய மெசினைச் சின்ன மெசினாக மாற்றிவிடும்.

அதனால் நான் உறுதியாகச் சொல்வது: யாழ்ப்பாணத்து வீட்டை முழுதாக உலர்த்த நினைக்காதீர்கள். நம் வீடுகள் காற்று ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை. நடுமுற்றத்து நாற்சார் வீட்டில் மெசின் போடுவது முற்றத்தையே உலர்த்தப் பார்ப்பதற்குச் சமம். ஒரே ஒரு அறையைத் தெரிவுசெய்து அதை அடைத்து உலர்த்துங்கள். அந்த அறை கொங்கிறீற் தட்டுப் போட்டதாகவோ சீலிங் அடித்ததாகவோ இருக்கவேண்டும். ஓட்டுக்கூரை மட்டும், முகடு திறந்தபடி என்றால் மெசினுக்குக் காசு செலவழிக்கவேண்டாம். வடக்கு அறை அப்படியானதென்றால் ஏட்டையும் சேலையையும் வீட்டின் நடுவிலுள்ள, வெளிச்சுவர் குறைந்த அறைக்கு மாற்றுவது மேல்.

அண்ணாவின் மெசினுக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். கனடாவில் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேட்ஸ். வோல்ற்றை ரான்ஸ்போமர் போட்டு இறக்கலாம், ஹேட்ஸை அது மாற்றாது. 60 க்குச் செய்த கொம்பிரசர் 50 இல் மெதுவாக ஓடிச் சூடேறும். அப்படி வந்த குளிர்சாதனப் பெட்டிகள் என் மேசையில் எரிந்த மோட்டரோடு கிடந்திருக்கின்றன. அதோடு அங்கே லீற்றருக்குப் பதிலாகப் பைன்ற் கணக்கு, ஒரு பைன்ற் ஏறக்குறைய அரை லீற்றர். 2019 இல் அமெரிக்காவில் அளக்கும் வெப்பநிலையைக் குறைத்ததால் முன்பு 70 பைன்ற் என்று விற்ற மெசின் இப்போது 50 என்று விற்கிறது. அண்ணாவின் மெசின் பழையதென்றால் இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: 2013 இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தீப்பிடிக்கும் அபாயத்தால் இலட்சக்கணக்கான டீஹியூமிடிபையர்களைத் திரும்ப அழைத்தார்கள். மெசினில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைப் பார்த்து, அவர் தன் வீட்டுக்காகவே அதை உறுதிசெய்துகொள்ளவேண்டும். லண்டனிலிருந்து யாரும் அனுப்பினால் வோல்ற், ஹேட்ஸ் இரண்டும் நமக்குப் பொருந்தும், பிளக் மட்டும் பழைய வட்டத் துளைச் சொக்கற்றில் ஏறாது.

லண்டன் ஆட்கள் சில நேரம் ‘டெசிக்கன்ற்’ வகையைச் சிபாரிசு செய்வார்கள். அதில் கொம்பிரசர் இல்லை, ஈரம் உறிஞ்சும் சக்கரத்தை ஹீற்றரால் காய்ச்சுகிறது. குளிர்ந்த கராஜுக்கு அது நல்லது. நம் வெக்கையில் கரண்ட்டையும் கூடக் குடித்து, அறையையும் அடுப்பாக்கும். இணையத்தில் மலிவாக வரும், கையில் தூக்கக்கூடிய சின்னப் பெட்டிகள் பெல்ரியர் வகை, கொம்பிரசர் இல்லாமல் ஒரு சிறு மின்தகட்டால் குளிரவைப்பவை. நாள் முழுக்க ஓடினாலும் ஒரு தம்ளர் தண்ணீர் எடுப்பதே பெரிய காரியம். மேலே சொன்ன மணிக்கு 330 மில்லிக் கணக்கோடு ஒப்பிட்டால் புரியும். கொம்பிரசர் வகையைத்தான் வாங்குங்கள். பெட்டியில் 12 லீற்றர் என்று போட்டிருப்பது 30 பாகை, 80 வீத ஈரத்தில் 24 மணித்தியாலம் ஓடினால் கிடைக்கும் அளவு. அறை உலர உலர அது குறைந்து, 60 வீதத்துக்கு வரும்போது ஏறக்குறையப் பாதி ஆகிவிடும். அடைத்த அறை ஒன்றுக்கு 12 லீற்றர் போதும். மாரியில் உடுப்பும் அதே அறையில் காயப்போடுவதாக இருந்தால் 20 எடுங்கள். ஒரு வாளி ஈர உடுப்பிலேயே இரண்டு லீற்றருக்குக் குறையாமல் இருக்கும்.

கரண்ட்: 12 லீற்றர் மெசின் ஏறக்குறைய 200 வாற் இழுக்கும். நாளுக்கு 10 மணித்தியாலம் என்றால் 2 யூனிற், மாதம் 60 யூனிற். 20 லீற்றர் 350 வாற் என்று வைத்து ராப்பகலாக விட்டால் மாதம் 250 யூனிற். மின்சாரக் கட்டணம் யூனிற் கூடக்கூடப் படிப்படியாக ஏறுவது என்பதால், அம்மாவின் வழமையான யூனிற்றோடு இதைக் கூட்டி எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். தனியே இருக்கும் ஒருவரின் சிறிய பில்லில் இந்த 60 யூனிற் ஒரு படியைத் தாண்டவைத்து, முழு மாதத்துக் கணக்கையும் உயர்த்திவிடலாம்.

55 வீதத்தில் செற் பண்ணுங்கள். 40 க்கு இறக்கினால் மெசின் நிற்காமல் ஓடும், ஏட்டு ஓலையும் பழைய மரமும் வெடிக்கும். ஒவ்வொரு லீற்றர் தண்ணீர் படியும்போதும் முக்கால் யூனிற்றுக்குக் கிட்டிய வெப்பம் அறைக்குள் விடப்படுகிறது, மெசின் இழுக்கும் கரண்ட்டும் முழுதாக வெப்பமாகிறது. இரண்டையும் கூட்டினால் சின்ன ஹீற்றர் ஒன்று எந்நேரமும் எரிவது போல. அதனால் அம்மா படுக்கும் அறையில் இரவில் ஓட்டவேண்டாம். பகலில், ஆளில்லாத நேரத்தில், கதவைச் சாத்தி ஓட்டுங்கள். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். வாளி நிரம்பினால் தானாக நின்றுவிடும், அம்மா தூக்கி ஊற்றவேண்டியதாகிவிடும். அதனால் மெசினை ஒரு ஸ்ரூலில் ஏற்றி, பின்பக்கத்து வாயில் ஓஸ் கொழுவி, எங்கும் மேலே எழும்பாமல் சரிவாகக் குளியலறைக்கு விடுங்கள். வாளியில் தண்ணீர் தேங்க விட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது இப்படியான தெளிந்த தண்ணீரில்தான், மாரியும் டெங்கும் ஒன்றாகத்தான் வருகின்றன. அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது. பற்றறிக்கு வடித்த நீர் என்று நினைத்து ஊற்றவும்கூடாது. தூசும் சுருளின் உலோகமும் அதில் இருக்கும். கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

கரண்ட் போய் உடனே வந்தால் மூன்று நிமிடம் கழித்தே கொம்பிரசர் தொடங்கவேண்டும். நல்ல மெசின் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். மின்வெட்டுக்குப் பிறகு முன்பிருந்த செற்றிங்கில் தானாகத் தொடங்குமா என்று வாங்கும்போதே கடையில் பிளக்கைக் கழற்றிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பில்ரரை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கழுவுங்கள். நம் ஊர் வெப்பத்தில் சுருளில் ஐஸ் பிடிக்கக்கூடாது. பிடித்தால் பில்ரர் அடைத்திருக்கிறது, அல்லது காஸ் குறைந்திருக்கிறது. புதிய மெசின்களில் ஆர்290 என்றிருந்தால் அது புரொப்பேன், எரியும் காஸ். அதைத் தெரியாத கையால் பற்றவைத்துத் திருத்த விடவேண்டாம்.

அறையில் ஏற்கனவே ஏசி இருந்தால் தனி மெசின் வாங்கமுதல் அதை ஈரம் இழுக்கும் ‘ட்றை’ முறையில் போட்டு மானியைப் பாருங்கள், பல வீடுகளில் அதுவே போதும். ஆனால் ஏசியை 20 பாகையில் போட்டு இரவெல்லாம் குளிரவைத்து, காலையில் நிறுத்திக் கதவைத் திறப்பது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பது. குளிர்ந்த அலுமாரியின் மேல் வெளிக்காற்று உடனே வேர்க்கும். கொக்குவிலில் ஒரு வீட்டில் புத்தம்புது அலுமாரியின் பின்பலகையைக் கழற்றினேன், சாம்பல் நிறத்தில் வெல்வெற் விரித்தது போலிருந்தது. சுவரில் கசிவே இல்லை. ஏசியும் காலைக் கதவும் மட்டும்தான். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, ஏசியை 26 இல் விட்டதோடு அது நின்றது.

சேலையையும் ஏட்டையும் பற்றி. புள்ளி விழுந்த பட்டை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். அறை உலர்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே நிழலில், மாஸ்க் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷால் தட்டுங்கள். அம்மாவுக்கு இழுப்பு இருந்தால் அவரை அதில் கைவைக்க விடவேண்டாம், அதற்கு மேல் மருத்துவரைக் கேளுங்கள். வேப்பிலையும் பூச்சி உருண்டையும் பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை ஒன்றும் செய்யா. என்னைக் கேட்டால் மெசினின் உண்மையான பயன் இதுதான்: புத்தகத்தையும் ஏட்டையும் 55 வீத அறையில் இரண்டு கிழமை திறந்து வைத்து ஆறவிட்டு, பிறகு ரப்பர் வளையமுள்ள இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு மூடிவிடுங்கள். பெட்டிக்குள் ஒரு மானி. அது 60 ஐத் தாண்டாத வரைக்கும் திறக்கவே தேவையில்லை, மெசினையும் நிறுத்திவிடலாம். ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் பெட்டியே பூஞ்சணப் பண்ணையாகிவிடும், வரிசை மாறக்கூடாது. 1981 இல் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. வீட்டு அலுமாரிகளில் தப்பியிருப்பவை எனக்கு வெறும் பழைய தாள்களாகத் தெரிவதில்லை. ஆறவைக்கும் அந்த இரண்டு கிழமைக்குள் பழைய நூல்களை ஸ்கான் செய்து பாதுகாக்கும் ‘நூலகம்’ நிறுவனத்தோடு தொடர்புகொண்டு எண்ணிமப்படுத்திக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக அம்மா. விடிந்ததும் எல்லா யன்னலையும் திறந்து, விளக்கு வைக்கும் நேரம் வரை திறந்து வைப்பது அவரின் பழக்கமாக இருக்கும். மற்ற அறைகளை வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணிபோலத் திறந்து மூன்று மணிக்குச் சாத்தினால் போதும். விடிகாலையில் சுவர் நன்றாகக் குளிர்ந்திருப்பதால் அப்போது வரும் காற்றுத்தான் அதில் அதிகம் வேர்க்கும். மெசின் ஓடும் அறையை மட்டும் திறக்கவேண்டாம் என்பதை, காரணத்தோடு, நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். முதல் நாள் வாளியில் சேர்ந்த தண்ணீரைக் காட்டிச் சொன்னால் அவருக்கு விளங்கும். பொலித்தீன் சோதனையின் முடிவையும் அலுமாரிக்குப் பின்னால் ஒரு கிழமை எடுத்த அளவுகளையும் இங்கே எழுதுங்கள். சுவரா காற்றா என்று தெரிந்தபின் எந்த அளவு மெசின், அல்லது மெசினே வேண்டாமா என்பதை இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.